தட்டுவடை செட் கடைக்கு வரும் பேய்கள்: 18+ பிக்சல் கேம் செய்ய நினைக்கும் சேலத்துக்காரருக்கு

கேள்வி சுருக்கமாக இதுதான். கேட்டவருக்கு வயது 26, ஊர் சேலம், ஓரளவு படம் வரைவார், கொஞ்சம் கோடிங் தெரியும். ஏற்காடு மலைப்பாதையில் ராத்திரி மட்டும் திறக்கும் ஒரு கடை, சாப்பிட வருகிறவர்கள் எல்லாம் பேய் பிசாசு பூதம், நாம்தான் கடைக்காரர். படம் கட்டம் கட்டமாக வரையும் பிக்சல் ஆர்ட், பெரியவர்களுக்கு மட்டும். தனியாளாக முடிக்க முடியுமா, எங்கே விற்பது, எங்கே சறுக்கும் என்று கேட்டிருக்கிறார்.

முடியும். நான் இந்த வகையில் இரண்டு சின்ன கேம் செய்து விற்றவன். முதலாவதை மூன்று மாதத்தில் முடிப்பதாக வீட்டில் சொல்லிவிட்டுப் பதினாலு மாதம் இழுத்தேன், அதனால் காலக்கணக்கு மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். நீங்கள் அனுப்பிய கேம் குறிப்பைப் படித்ததும் கண்ணில் பட்டது ஒன்றுதான்: மூன்று பக்கத்தில் இரண்டரைப் பக்கம் பேய்களின் பட்டியல், கடையைப் பற்றி நாலே வரி. அதைத் திருப்பிப் போடுங்கள். பேய் யார் வேண்டுமானாலும் வரைவார்கள். கடை எப்படி ஓடுகிறது என்பதில்தான் விளையாடுகிறவன் மாட்டுவான்.

பரிமாறும் கேம் புதிதில்லை. 1983இல் வந்த டேப்பர் என்ற ஆர்கேட் கேமிலேயே கவுண்டரில் கோப்பையைத் தள்ளிவிட்டு, காலிக் கோப்பை திரும்பி வரும்போது பிடிக்க வேண்டும். 2004இல் டைனர் டேஷ் வந்து, உட்காரவை, ஆர்டர் எடு, கொடு, காசு வாங்கு, மேசை துடை என்ற வரிசையை ஒரு தலைமுறைக்கே பழக்கிவிட்டது. மனிதரல்லாதவர்களுக்குப் பரிமாறுவதும் வந்தாயிற்று: இந்தோனேசியாவில் செய்த காஃபி டாக் 2020இல் வந்தது, அதில் எல்ஃபும் ஓர்க்கும் காட்டேரியும் ராத்திரி காபிக்கு வந்து உட்கார்ந்து புலம்புவார்கள். அதற்கு முன்பே 2016இல் வெனிசுவேலாக்காரர்கள் செய்த வால்ஹல்லா, அது மதுக்கடை. இரண்டும் பிக்சல் ஆர்ட், இரண்டும் நல்ல கேம்கள், ஆனால் இரண்டிலும் நிர்வாகம் குறைவு, பேச்சுதான் அதிகம். காஃபி டாக் ஜகார்த்தாவில் நடக்காமல் சியாட்டிலில் நடப்பதில் எனக்கு இன்றைக்கும் ஒரு சின்ன வருத்தம் உண்டு. நீங்கள் ஏற்காடு என்று முடிவு செய்தது சரி. ஆனால் உங்கள் குறிப்பில் கடையில் விற்பது பர்கரும் காபியும். ஏன்? சேலத்தில் பிறந்துவிட்டு, கேம் செய்வதற்கென்றே கண்டுபிடித்தது போல ஒரு பண்டம் தெருமுனையில் இருக்க, பர்கர் எதற்கு?

தட்டுவடை செட்டைச் சொல்கிறேன். சாயங்காலம் ஏதாவது ஒரு செட் கடை முன்னால் அரைமணி நேரம் சாப்பிடாமல் நின்று கடைக்காரர் கையை மட்டும் பாருங்கள். தட்டில் நாலைந்து தட்டுவடையை வரிசையாகப் போடுகிறார், ஒன்றில் காரச் சட்னி, அடுத்ததில் பச்சைச் சட்னி, மேலே துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், அதன்மேல் இன்னொரு தட்டுவடையைக் கவிழ்த்து மூடுகிறார். அதற்குள் ஒருவர் வடையை நொறுக்கிப் போடும் நொறுக்கல் கேட்கிறார், இன்னொருவர் முறுக்கு செட், ஒரு பையன் வெங்காயம் வேண்டாம் என்கிறான், ஒருவர் காரம் தூக்கலாக. கடைக்காரர் எதையும் எழுதுவதில்லை. முக்கியமானது கடைசியில்தான் வருகிறது. நான் சாப்பிடும் கடையில் காசு முதலில் வாங்குவதில்லை. எல்லாம் சாப்பிட்டுவிட்டுக் கை துடைத்துக்கொண்டே "ரெண்டு செட், ஒரு நொறுக்கல், ஒரு பொரி" என்று நாமே சொல்கிறோம், அவர் கணக்குப் போடுகிறார். சொன்னது பொய்யென்றால் அவர் முகம் ஒரு நொடி நிமிரும், அவ்வளவுதான்.

உங்கள் கேம் இங்கே இருக்கிறது. பல சாப்பாட்டுக் கடை கேம்களில் ஆர்டர் தலைக்குமேல் படமாக நிற்கும், காசு தானாக விழும். உங்கள் கடையில் யார் எத்தனை தின்றார் என்பதை விளையாடுகிறவன் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். வருகிறவர்களோ பேய்கள். குட்டிச்சாத்தான் நாலு தின்றுவிட்டு இரண்டு என்பான். பூதத்துக்கு எண்ணவே தெரியாது, தலையில் தூக்கி வந்த சாக்கைக் கவிழ்த்துக் கொட்டும், அதில் அதிகமாக எடுத்தால் ஊரில் கடையின் பெயர் கெடும். பிரம்மராட்சசன் படித்தவன், காசு சரியாகக் கொடுப்பான், ஆனால் கணக்கை நீங்கள் தப்பாகச் சொன்னால் விடமாட்டான். பேய்க்குப் பேய் விதி மாறுகிறதா என்று மட்டும் பாருங்கள். நிறமும் கொம்பும் மாறி விதி மாறாவிட்டால் அது பேயில்லை, வேறு சட்டை போட்ட அதே ஆள்.

இந்தப் பக்கம் நம்மிடம் சரக்கு ஏராளம், யாரும் தொடவில்லை. ராத்திரி தனியாகப் போகிறவனிடம் சுண்ணாம்பு கேட்டு வரும் மோகினி கதையைப் பாட்டி சொல்லியிருப்பார்: கையால் கொடுக்கக் கூடாது, பாக்குவெட்டி நுனியிலோ கத்தி நுனியிலோ வைத்து நீட்ட வேண்டும், இரும்புக்குப் பேய் அடங்கும். கறிக்குழம்பை இருட்டில் எடுத்துப் போனால் தூக்குவாளியோடு ஒரு கரித்துண்டோ இரும்போ வைத்துவிடுவார்கள். இதை அப்படியே விதியாக்குங்கள்: பார்சல் கட்டும்போது கரித்துண்டு வைக்க மறந்தால் வழியில் வேறொருவன் பிடுங்கித் தின்றுவிடுவான், வாடிக்கையாளர் திரும்பி வந்து சண்டை போடுவார். வேலை கொடுத்துக்கொண்டே இருக்காவிட்டால் எஜமானையே தின்றுவிடும் பூதத்தின் கதையும் தெரிந்திருக்கும், கடைசியில் நாய் வாலை நிமிர்த்தச் சொல்லித் தப்பிப்பானே. அந்தப் பூதத்தைத் தட்டு கழுவ வையுங்கள். கூட்டம் குறைந்து கழுவத் தட்டு இல்லாமல் போனால் அது ஸ்டூலைத் தின்ன ஆரம்பிக்கும். கூட்டமில்லாத நேரமும் ஆபத்து என்ற கேமை நான் அதிகம் பார்த்ததில்லை. கொள்ளிவாய்ப் பிசாசை எண்ணெய்ச் சட்டி பக்கம் உட்கார வைக்காதீர்கள், அதற்கு மேல் நான் விளக்க வேண்டாம்.

ஆனால் ஒரு இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் பட்டியலில் முனி இருக்கிறது, கூடவே "மலைச்சாமி" என்று ஒரு பாத்திரம். சேலத்தில் எந்தப் பக்கம் போனாலும் ஒரு முனியப்பன் மீசையோடு உட்கார்ந்திருக்கிறார், கிடா வெட்டிப் பொங்கல் வைக்கிறார்கள், உங்கள் வீட்டிலேயே யாருக்காவது குலசாமியாக இருக்கலாம். மலை உச்சியில் குகைக்குள் இருக்கும் சேர்வராயன் அங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் தெய்வம், மே மாதம் திருவிழா நடக்கிறது. காட்டேரியைக்கூட அம்மனாகக் கும்பிடும் இடங்கள் உண்டு. நம் ஊரில் பேய்க்கும் சாமிக்கும் நடுவில் கோடு மெல்லியது. 18+ என்று போட்டு விற்கப்போகும் கேமில் ஒருவர் கும்பிடும் பெயரை வைக்கக் கூடாது, வம்புக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை, அது அசிங்கம். பூதம், வேதாளம், கொள்ளிவாய், மோகினி போன்றவற்றோடு நிறுத்துங்கள், மீதியை நீங்களே உருவாக்குங்கள். மூடுபனியே உருவம் எடுத்து வரலாம், சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகுக்கொடி நடந்து வரலாம். யாரும் கோபப்பட மாட்டார்கள்.

அப்புறம் கணக்கு. இதைத் தவிர்த்துவிட்டு யாரும் நிர்வாக கேம் செய்ய முடியாது, நான் தவிர்க்கப் பார்த்துத்தான் பதினாலு மாதம் ஆனது. லிட்டில் விதி என்று வரிசைக் கணக்கில் ஒன்று உண்டு, ஜான் லிட்டில் 1961இல் நிறுவியது: கடைக்குள் சராசரியாக இருப்பவர்கள் எத்தனை பேர் என்றால், ஒரு நொடிக்கு வருகிறவர்களை ஒருவர் தங்கும் நேரத்தால் பெருக்கினால் போதும். உங்கள் கடையில் ஐந்து ஸ்டூல், ஒரு பேய் 90 நொடி உட்காருகிறது என்றால் 18 நொடிக்கு ஒருவர் வரும்வரை கடை தாங்கும், 15 நொடிக்கு ஒருவர் வந்தால் என்ன திறமை இருந்தாலும் வெளியே கூட்டம் சேரும். இது ஸ்டூல் கணக்கு. கை கணக்கு இன்னும் கொடியது. ஒரு செட் போட 12 நொடி, ஆர்டர் சராசரியாக 13 நொடிக்கு ஒன்று என்றால் காகிதத்தில் ஒரு நொடி மிச்சம், திரையில் வரிசை வால் மாதிரி நீளும், ஏனென்றால் யாரும் சீராக வருவதில்லை, மூன்று பேர் சேர்ந்து வந்துவிட்டு அப்புறம் ஒரு நிமிடம் ஈ ஓட்டுவோம். என் முதல் கேமில் நாலாவது நாளில் எல்லாரும் தோற்றார்கள், நான் பேய்களின் பொறுமையைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் செட் போடும் நேரத்தை 9 நொடியாகக் குறைத்ததும் சரியானது. பொறுமையில் கை வைக்காதீர்கள், கை வேகத்தில் வையுங்கள். இதை வரைவதற்கு முன்பே, வெறும் சதுரங்களை வைத்து ஓட்டிப் பாருங்கள். சதுரமே வந்து சதுரத்தைத் தின்றுவிட்டுப் போகும்போது சிரிப்பு வந்தால் மேலே போகலாம்.

சரி, வரைவது. அம்மாபேட்டையில் என் மாமா ஒருவர் சேலைக்கு பார்டர் டிசைன் போட்டவர், கம்ப்யூட்டர் வராத காலத்தில் கிராஃப் பேப்பரில். ஒரு கட்டம் என்பது ஒரு பாவு நூலும் ஒரு ஊடை நூலும் சந்திக்கிற இடம், கட்டத்தை நிரப்பினால் தறியில் மாட்டும் அட்டையில் ஓட்டை, ஓட்டை இருந்தால் அந்த நூல் மேலே எழும். தறிமேல் இருக்கும் ஜக்காடு பெட்டியின் வேலை இவ்வளவுதான். நான் பிக்சல் ஆர்ட் கற்றது யூட்யூபில் என்று சொல்லிக்கொண்டாலும் உண்மையில் கற்றது அவரிடம். மாங்காய் புட்டாவின் வளைவை நான் வரைந்தால் படிக்கட்டு மாதிரி முறியும். அவர் பார்த்துவிட்டு "கோணல் இங்க இல்லடா, மூணு கட்டம் முன்னாடி இருக்கு" என்பார். அதையேதான் பிக்சல் ஆட்களும் சொல்கிறார்கள்: வளைவின் துண்டுகள் 5, 3, 2, 1, 1, 2, 3 என்று குறைந்து கூட வேண்டும், நடுவில் 5, 1, 3 என்று வந்தால் அந்த இடத்தில் கண் தடுக்கும்.

உங்கள் தட்டுவடைப் படத்தில் ஒரு பிரச்சினை வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். மேலிருந்து பார்த்தால் செட் வெறும் பழுப்பு வட்டம், முறுக்கு செட்டா நொறுக்கலா தெரியாது. பக்கவாட்டில் வரைந்தால் பர்கர் மாதிரி ஆகிவிடும், வெளியூர்க்காரன் பர்கர் என்றே சொல்லுவான். மேல் வடையை மூன்று பிக்சல் தள்ளி வையுங்கள், மூடி சரிந்த மாதிரி. அந்தப் பிறை வடிவ இடைவெளியில் பீட்ரூட்டுக்கு ஒரு ரோஸ், கேரட்டுக்கு ஒரு ஆரஞ்சு, பச்சைச் சட்னிக்கு இரண்டு புள்ளி. 16க்கு 16 கட்டத்தில் இது அழகாக உட்காரும், தட்டு வரிசையாக இருந்தாலும் எதில் வெங்காயம் இல்லை என்று தெரியும்.

திரை அளவு 320க்கு 180 என்று எல்லாரும் சொல்வார்கள், ஏனென்றால் ஆறு மடங்கு பெருக்கினால் சரியாக 1920க்கு 1080. நீங்கள் 640க்கு 360 எடுங்கள், மூன்று மடங்கு. காரணம் தமிழ். ஆங்கில எழுத்தை 8 பிக்சலில் அடக்கிவிடலாம், "ணை" என்ற ஒரு எழுத்தை அதில் எழுதிப் பாருங்கள், சுழிகள் ஒட்டிக்கொண்டு எறும்புக் கூட்டம் மாதிரி இருக்கும். மேலே "கி"யின் கொக்கி, கீழே "கு"வின் வளைவு, உயரமும் கூடுதலாக வேண்டும். என் அனுபவத்தில் 12க்குக் கீழே இறங்கினால் படிக்க முடியவில்லை. நம் ஆட்களிடம் இன்னும் நிறைய இருக்கும் 1366க்கு 768 லேப்டாப்பில் எந்தப் பெருக்கமும் முழு எண்ணாக வராது, சுற்றிக் கறுப்பு விளிம்பு விடுங்கள், இழுத்து நிரப்பினால் பிக்சல்கள் கோணலாகும். கேமை ஓட்டும் மென்பொருளான எஞ்சினுக்கு கோடாட் நாலாம் பதிப்பு எடுங்கள், இலவசம், தமிழ் எழுத்தை ஒழுங்காகக் கோக்கும். மூன்றாம் பதிப்பில் "கொ" எழுதினால் கொம்பு இடம் மாறி நிற்கும். வரைய ஏஸ்ப்ரைட் வாங்கலாம், காசு வேண்டாமென்றால் லிப்ரேஸ்ப்ரைட், அல்லது பிரவுசரிலேயே பிஸ்கெல்.

இனி நீங்கள் வெட்கப்பட்டு ஒரே வரியில் எழுதியிருந்த 18+ சமாச்சாரம். முதலில் எந்த 18+ என்று முடிவு செய்யுங்கள். சாராயம், ரத்தம், கெட்ட வார்த்தை, கல்யாணம் முறிந்த கதை, இதெல்லாம் பெரியவர் சமாச்சாரம்தான், தாராளமாக வையுங்கள், விற்பதிலும் பெரிய சிக்கல் இல்லை. படுக்கையறைக் காட்சியைத் திரையில் காட்டுவது வேறு விஷயம். கேம் விற்கும் தளமான ஸ்டீம் 2018இலிருந்து அதை அனுமதிக்கிறது, ஆனால் தனிக் கூண்டில் போட்டு, பயனர் தானே அமைப்பில் தேடிப்போய்த் திறந்தால்தான் காட்டும். 2025 ஜூலையில் கார்டு, பேமெண்ட் கம்பெனிகளின் நெருக்கடியால் ஸ்டீம் அப்படிப்பட்ட பல கேம்களை எடுத்தது, இன்னொரு கேம் தளமான இட்ச் அந்த வகையையே தேடலில் இருந்து மறைத்தது. ஒரு வருட உழைப்பு ஒரு ராத்திரியில் காணாமல் போகும். ப்ளே ஸ்டோரும் ஆப்பிளும் வெளிப்படையான பாலுறவுக் காட்சியை ஏற்கவே ஏற்காது. இதற்கெல்லாம் மேலே நம் சட்டம்: தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 67 ஆபாசத்தை மின்னணு வழியில் வெளியிடுவதற்கு முதல் முறை மூன்றாண்டு வரை, 67ஏ வெளிப்படையான பாலியல் காட்சிக்கு ஐந்தாண்டு வரை. இந்தியாவில் உட்கார்ந்து வெளியிடுகிறீர்கள் என்றால் வக்கீல் ஒருவரிடம் காசு கொடுத்துக் கேட்காமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

நடுவழி உண்டு. பேப்பர்ஸ் ப்ளீஸ் என்ற 2013 கேமில் எல்லைச் சோதனையில் ஆட்களின் உடல் ஸ்கேன் வரும், நிர்வாணத்தை அணைக்க ஒரு பட்டன் வைத்திருந்தார்கள். அப்படியிருந்தும் 2014இல் ஐபேடுக்குக் கொண்டுபோனபோது ஆப்பிள் முதலில் மறுத்து, பிறகு இறங்கி வந்தது. அந்த நிர்வாணம் கிளுகிளுப்புக்கு இல்லை, வேலையின் அவமானத்தைக் காட்டத்தான், அதனால்தான் அது நிற்கிறது. உங்கள் மோகினியை நினைத்துப் பாருங்கள். இப்போதைய குறிப்பில் அவளுக்கு ஒரே வேலை, குனிந்து சுண்ணாம்பு கேட்பது. எல்லாரும் எழுதிய மோகினி. அவள் கடைசி ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு செட்டை இரண்டு மணி நேரம் தின்கிறாள், மலைப்பாதையின் பதினெட்டாவது வளைவில் இறக்கிவிடப்பட்ட ராத்திரியைப் பற்றித் துண்டு துண்டாகச் சொல்கிறாள், நீங்கள் பாக்குவெட்டியில் சுண்ணாம்பு நீட்டுவதா கையால் நீட்டுவதா என்று ஒவ்வொரு ராத்திரியும் முடிவு செய்ய வேண்டும் என்று வையுங்களேன். ஒரு துணியும் அவிழவில்லை, ஆனால் பத்து வயதுப் பையனுக்கு இந்தக் கேமைக் கொடுக்க முடியாது.

இன்னொன்று, இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பிக்சல் ஆர்ட்டில் முகம் தெரிவதற்காகத் தலையைப் பெரிதாக்கி உடம்பைச் சுருக்குவோம். தலை அளவுக்கே உடம்பு என்றால் எந்த உருவமும் குழந்தை மாதிரித்தான் தெரியும். 18+ கேமில் அது பெருந்தப்பு, எந்த விற்பனைத் தளமும் ஏற்காது, ஏற்கவும் கூடாது. உருவத்துக்கு 32 அகலம், 64 உயரம் கொடுத்து, ஆறு தலை உயரத்துக்குக் குறையாமல் வரையுங்கள், நரை, தொப்பை, மீசை, கண்ணுக்குக் கீழே கறுப்பு எல்லாம் போடுங்கள். பேய்க்கும் வயது தெரிய வேண்டும்.

விற்பது பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஸ்டீமில் ஒரு கேமுக்கு 100 டாலர் கட்ட வேண்டும், விற்பனை 1,000 டாலர் தாண்டினால் திரும்பக் கொடுப்பார்கள். விற்பதில் 30 சதவீதம் அவர்களுக்கு. காசு கட்டி 30 நாள் ஆன பிறகுதான் முதல் கேமை வெளியிட முடியும், அதனால் ஆடிப் பண்டிகைக்கு விடலாம் என்று ஆடி பிறந்ததும் போய் நிற்காதீர்கள். வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியவர் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆகவே முதல் அரைமணியில் பூதம் ஸ்டூலைத் தின்ன வேண்டும், நீங்கள் எழுதியிருப்பது போல மூன்றாவது வாரத்தில் அல்ல.

இருபது வளைவுக்கும் இருபது கடை என்ற திட்டத்தை விடுங்கள். ஒரே வளைவு, ஒரே கடை, ஏழு ராத்திரி, ஆறு பேய். பனி மட்டும் ராத்திரிக்கு ராத்திரி கூடட்டும், புள்ளி விட்டுப் புள்ளி வைத்து வரைந்தால் பனிக்குத் தனி நிறமே தேவையில்லை, ஏழாம் ராத்திரியில் ஸ்டூலில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்றே தெரியாமல் சத்தத்தை வைத்துத்தான் பரிமாற வேண்டும். சத்தத்தைப் பதிவு செய்ய ஸ்டுடியோ வேண்டாம். என் இரண்டாவது கேமுக்கு நான் செய்தது, வீட்டுக் கட்டிலில் போர்வைக்குள் உட்கார்ந்து போன் மைக்கில் அரைக்கிலோ தட்டுவடையைக் கடித்தது. அம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் சாத்திவிட்டார்.